மூடி திறந்திருந்த பத்து நிமிஷம்

இந்த ஊரில் உப்பு ஜாடிக்குள் நாலு அரிசி போட்டு வைக்காத வீடு கிடையாது. நீங்கள் விசாரணைக்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறீர்கள், கெஸ்ட் ஹவுஸில் சாப்பிடுகிறீர்கள், அதனால் கவனித்திருக்க மாட்டீர்கள். ஜூன் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் உப்பு கசிய ஆரம்பித்துவிடும். முதலில் கட்டி தட்டும், பத்து நாளில் கஞ்சியாகிவிடும். அரிசி போட்டு வைத்தால் கொஞ்சம் தாங்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நடந்ததெல்லாம் உப்பையும் ஈரத்தையும் பற்றியதுதான். இதில் மனுஷர்களின் பங்கு மிகவும் குறைவு.

என் பெயர் சரஸ்வதியம்மாள். வயது ஐம்பத்தாறு. வலியசாலையில் குடியிருக்கிறேன். கணவர் பஞ்சாபகேசன், ட்ரெஷரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது பேப்பர் படிக்கிறார். குழந்தைகள் இல்லை. இந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தெட்டு வருஷமாக டெக்னிக்கல் அசிஸ்டென்ட். ஆகஸ்ட் கடைசியிலிருந்து, நீங்கள் விசாரித்து முடிக்கும்வரை லேபுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று என்னைத் தபால் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஃபேன் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, ஈரம் கிடையாது.

எந்த பாஷையில் வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் எல்லாவற்றையும் எழுதுங்கள் என்றீர்கள். தமிழில் எழுதுகிறேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

டாக்டர் ஸ்ரீகண்டனின் லேபில் நாங்கள் அளந்ததும் உப்பைத்தான். சாப்பிடுகிற உப்பு இல்லை. உருக்காமலேயே, சும்மா மேஜைமேல் வைத்தாலே திரவமாக இருக்கிற உப்பு. அயனித் திரவம் என்று முழுப்பெயர், லேபில் எல்லாரும் ஐ.எல். என்பார்கள். பார்த்தால் தேங்காயெண்ணெய் மாதிரி இருக்கும், வாசனை கிடையாது, எத்தனை நாள் வைத்தாலும் ஆவியாகாது. வெயிலில் கரண்ட் எடுக்கிற ஆலைகளில் சூட்டைச் சுமந்து போக இதை உபயோகிக்கலாம் என்று உலகம் முழுக்க ஓர் ஆசை. அதற்கு முன்னால் இது சூட்டை எவ்வளவு நன்றாகக் கடத்தும் என்று தெரிந்தாக வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்கள் லேப்.

அளக்கிற முறை எளிது. கைக்குத்தான் கஷ்டம். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் பிளாட்டினக் கம்பி ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். தலைமுடியில் பாதிகூடப் பருமன் இல்லாத கம்பி. மூச்சு விட்டால் ஆடும், இருமினால் அறும். குழாயில் திரவத்தை நிரப்பிக் கம்பிக்கு ஒரு நொடி கரண்ட் கொடுத்தால் கம்பி சூடாகும். சுற்றியிருக்கிற திரவம் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொண்டால் கம்பி அதிகம் சூடேறாது, மந்தமாக வாங்கினால் அதிகம் சூடேறும். கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும், அதிலிருந்து கணக்கு. இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு கம்பியைக்கூட அறுத்ததில்லை. விஞ்ஞானிகள் அறுத்த கம்பிகளை எண்ணச் சொல்லாதீர்கள், பாவம், அவர்களுக்கும் மானம் இருக்கிறது.

ஆகவே எங்கள் லேபில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. திரவத்தை வேக்குவத்தில் இரண்டு நாள் வைத்து உலர்த்துவது ஆராய்ச்சி மாணவி ஜெஸ்லினின் வேலை. ஈரம் பார்க்கிற மெஷினில் ஒரு துளி விட்டு, உலர்ந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவள்தான். பிறகு குடுவையை என்னிடம் கொடுப்பாள். நான் கம்பி அறாமல் குழாயை நிரப்பி மூடியைத் திருகித் தருவேன். அவள் அளப்பாள். ஈரம் பார்ப்பது நிரப்புவதற்கு முன்னால் மட்டும். அளந்து முடித்த பிறகு யாரும் பார்ப்பதில்லை. ரசத்துக்கு உப்புப் பார்ப்பது அடுப்பில் இருக்கும்போதுதானே, இலையில் பரிமாறிய பிறகு யார் பார்க்கிறார்கள்?

ஜெஸ்லினைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2002 ஜூலையில் வந்தாள். குழித்துறைக்கு மேற்கே ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஊர். அப்பா ராஜையன் ரப்பர் வெட்டுகிறவர், அம்மா தாசம்மாள் ரப்பர்ப் பால் எடுத்து ஷீட் அடிப்பவள். அந்த ஊர்ச் சபையிலேயே முதல்முதலாக டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்த பெண் என்று பாஸ்டர் ஜெபம் பண்ணி அனுப்பியிருந்தார். வந்த முதல் நாளே கம்பியை அறுத்துவிட்டு ஸ்டோர் ரூமில் நின்று அழுதாள். நான் கம்பியை மாற்றிக் கட்டிவிட்டு, “என்னடி கொழந்தே, கம்பிதானே, போனாப் போறது. தயிர்சாதம் சாப்பிடறியா?” என்றேன். அன்றிலிருந்து என் டிபன் கேரியரில் ஓர் அடுக்கு கூடியது.

அந்த அடுக்கை நான் நிரப்பின அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திங்கள் எரிசேரி, செவ்வாய் மோர்க்குழம்பு, வெள்ளி அவள் உபவாசம் என்பதால் சாயந்திரத்துக்கு அடை. பஞ்சாபகேசன் ஒருநாள் பேப்பரிலிருந்து தலையை எடுத்து, “எனக்கு ஏன் அடை இல்லை?” என்று கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் கேட்ட நல்ல கேள்வி அது ஒன்றுதான்.

மாணவர்கள் வருவார்கள், போவார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் பதினான்கு பேரை அனுப்பியிருக்கிறேன். பதினான்கு பேருடைய தீசிஸிலும் கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேர் என் பெயரைச் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். போன பிறகு ஒருவரும் ஒரு கடிதாசு போட்டதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

2004 ஜூலை. முதல் திரவத்தில் இரண்டு அளவுகள் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்திவிட்டன. இன்னும் ஒன்று பொருந்தினால் மற்ற திரவங்களும் மளமளவென்று முடிந்துவிடும், அடுத்த டிசம்பருக்குள் தீசிஸ் எழுதிவிடலாம், ஜெர்மனியில் தனக்குத் தெரிந்த பேராசிரியரிடம் ஓர் இடம் இருக்கிறது என்று டாக்டர் ஸ்ரீகண்டன் சொன்னார். ஜெஸ்லின் லேபுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமி, எனக்க அம்மைட்ட ஃபோன்ல சொல்லியாச்சு. அம்மை சந்தோஷத்துல அழுது கரையியா. ஜெர்மனி எங்க கெடக்குன்னு கேக்கியா,” என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். மூன்றாவது அளவுக்காகக் குழாயை நிரப்பிக்கொண்டிருந்தபோது வெளியே ஃபோன் அடித்தது. பஞ்சாபகேசன், காபிப்பொடி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அலமாரியில் இரண்டாவது தட்டு, இடது பக்கம், பித்தளை டப்பாவுக்குப் பின்னால் என்று விளக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்து பார்த்தால் மூடி திறந்திருந்தது. வெளியே கொட்டுகிற மழை, ஜன்னலும் திறந்திருந்தது. நான் மூடியைத் திருகிக் கொடுத்தேன்.

உப்பு என்ன செய்யும், இந்த ஊர்க் காற்றைக் குடித்துவிட்டது. ஈரம் சேர்ந்தால் சூடு சுலபமாகக் கடக்கும், அளவு மேலே போகும். மூன்று சதவீதம் மேலே போயிற்று. சாம்பாரில் மூன்று சதவீதம் ஒரு விஷயமே இல்லை. இவர்கள் வேலையில் அரை சதவீதம் போனாலே சாவு வீடு.

“மாமி, எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. மூணு சதமானம் கூடுதல் காட்டுது. மொதல்லேந்து பிடிக்கணுமாம்,” என்றாள். “டிசம்பர்ல முடியாது பாத்துக்கிடுங்க.”

“சாரமில்லைடி, போகட்டும். ஏப்ரல்ல முடியேன். ஜெர்மனி எங்கே ஓடிடறது?” என்றேன்.

அன்று மாலை கிழக்கேகோட்டை பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. மனசு பஞ்சு மாதிரி இருந்தது. ஜன்னலோர சீட்டினால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை நான் மறக்கவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: நான் எதையும் கலக்கவில்லை. மூடவில்லை, அவ்வளவுதான். ஜூலையில் ஐந்து நிமிஷம் போதும். ஐப்பசியில், துலாமழை சமயத்தில் பத்து. ஜனவரி, பிப்ரவரியில் காற்று வறண்டுவிடும், அரைமணி நேரம் திறந்து வைத்தாலும் நம்பிக்கையில்லை. அப்போது மட்டும் ஊசியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். இரண்டு முறை வாலைவடித்த தண்ணீர். குழாய்த் தண்ணீரைத் தொட்டதே இல்லை. வேலை என்று வந்துவிட்டால் அசுத்தம் எனக்குப் பிடிக்காது.

ஒரே அளவாகச் செய்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுகூட எனக்குத் தானாகவே புரிந்தது. ஒரு நாள் ஒன்றரை சதவீதம், ஒரு நாள் நாலு, ஒரு நாள் ஒன்றுமே செய்யாமல் சரியாகக் கொடுத்துவிடுவது. சரியாகக் கொடுத்த நாளில் அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே. மறுநாளுக்கு மறுநாள் அது வாடும். இரண்டு முகத்தோடும் அவள் என்னிடம்தான் வருவாள்.

அவர்கள் என்னென்னவோ செய்தார்கள். கம்பியை மாற்றினார்கள். கண்ணாடிக் குழாயை பெங்களூரில் புதிதாகச் செய்வித்தார்கள். கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டு அதைப் பிரித்துப் போட்டார்கள், திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்தது. டாக்டர் ஸ்ரீகண்டன் மழைமேல் பழி போட்டார். இந்த ஊரில் எதற்கு வேண்டுமானாலும் மழைமேல் பழி போடலாம், மழை ஆட்சேபணை தெரிவிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் மெஷின் ஒன்று வந்தது. அது ஓடும்போது அதன் பக்கத்தில் நின்று நானே முதல் ஆளாகக் கற்பூரம் காட்டினேன்.

ஜெஸ்லின் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். தன் கை வேர்வைதான் எங்கேயோ சேர்கிறது என்று நினைத்து ஒரு நாளைக்கு முப்பது தடவை கை கழுவினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. நான் வீட்டிலிருந்து நெய் கொண்டுவந்து தடவிவிட்டேன். “எனக்க கையிலதான் மாமி என்னமோ கொழப்பம். தொட்டதெல்லாம் கெட்டுப்போவுது,” என்பாள். “அப்படிச் சொல்லாதேடி. உன் கை லட்சணமான கை,” என்பேன். அவள் ஊர்ச் சபையில் அந்தக் குழாய்க்காக மூன்று ஞாயிறு விசேஷ ஜெபம் நடந்தது. பிளாட்டினக் கம்பியை ஆண்டவரிடம் எப்படி வர்ணித்தார்களோ தெரியாது.

செல்வின் விஷயம் கேட்டீர்கள். செல்வின் அவளுக்குப் பேசி வைத்திருந்த பையன், துபாயில் ஏதோ கம்பெனியில். தீசிஸ் முடிந்ததும் கல்யாணம் என்று வாக்கு. 2005 ஓணத்துக்கு முந்தின வாரம் அவன் அம்மா லேபுக்கு ஃபோன் செய்தாள். ஜெஸ்லின் கேன்டீனில் இருந்தாள், நான் எடுத்தேன். “பெண்ணுக்குப் படிப்பு எப்ப தீரும்னு ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா? ஒளிக்காம சொல்லணும்,” என்று கேட்டாள். “இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும், கேட்டேளா, அதுக்கு மேலயும் ஆகலாம்,” என்றேன். பொய் சொல்லவில்லை. இன்னும் எத்தனை வருஷம் ஆகும் என்பது அந்தக் கட்டடத்தில் என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

கிறிஸ்துமஸுக்குள் செல்வினுக்கு வேறு பெண் நிச்சயமாகிவிட்டது. ஜெஸ்லின் ஸ்டோர் ரூமில் என் தோளில் சாய்ந்து அரைமணி நேரம் அழுதாள். நானும் அழுதேன். அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி திட்டினேன், இரண்டு வருஷம் காத்திருக்கத் துப்பில்லாதவனெல்லாம் ஆம்பளையா என்று. நான் அப்போது நிஜமாகவே கோபமாக இருந்தேன். அன்றைக்குக் கட்டியிருந்த நீலப் புடவையை இரண்டு நாள் தோய்க்கவில்லை. காரணமெல்லாம் ஒன்றுமில்லை, தோய்க்க மனசு வரவில்லை.

உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்த மூன்று வருஷத்தில் அவள் ஒருநாள்கூடப் பசியாக இருந்ததில்லை. ஜுரம் வந்தால் என் கையால் மிளகு ரசம். அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஆரியசாலையில் பட்டுப்பாவாடைத் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். “மாமி, எனக்கு இருபத்தேழு வயசாச்சு, பாவாடையா?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டாள். ஜெர்மனியில் எந்தப் பேராசிரியர் இப்படிச் செய்வார், சொல்லுங்கள்.

இந்த வருஷம் மே மாதம் டாக்டர் ஸ்ரீகண்டன் அவளைக் கூப்பிட்டு, ஜூனோடு உன் உதவித்தொகை முடிகிறது, இந்த அளவுகளை வைத்துக்கொண்டு தீசிஸ் கொடுக்க முடியாது, எழுந்து போ என்று நாசூக்காகச் சொன்னார். ஜெர்மனிக்காரர்களும் அக்டோபர் முப்பத்தொன்றுக்கு மேல் இடத்தை வைத்திருக்க மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். ஐந்து வருஷம் போயிற்று. ஊருக்குப் போனால் அப்பா கேட்க மாட்டார், அம்மா கேட்க மாட்டாள், ஊர் கேட்கும். “இங்கேயே ப்ராஜெக்ட் அசிஸ்டென்டா இருந்துடேன். எங்காத்து மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு,” என்றேன். அந்த ரூமுக்கு ஏப்ரலிலேயே வெள்ளையடித்து வைத்திருந்தேன். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், என் தவறுகளில் அது ஒன்று.

இன்னொரு தவறு பெரியது. அதை நான் செய்யாமல் இருந்திருக்க முடியாது, ஏனென்றால் நான் வளர்ந்த தெரு அப்படி. எங்கள் வீடுகளில் ஒருமுறை இலையில் விழுந்ததை எடுத்து வைக்கும் வழக்கம் கிடையாது. உபயோகித்தாயிற்றா, கொட்டிக் கழுவு. ஜெஸ்லின் வீடு வேறு மாதிரி. ரப்பர் வெட்டுகிற வீடு. பாலை ஊற்றிய பிறகு சிரட்டையில் ஒட்டிக் காய்ந்திருக்கிற பால் இருக்கிறதே, அதைக்கூடச் சுரண்டிச் சேர்த்து வைப்பார்கள், மரத்தின் அடியில் சிந்தியதையும் விடமாட்டார்கள். இந்தப் பெண் அளந்து முடித்த திரவத்தை ஒருநாளும் கொட்டவில்லை. ஒவ்வொன்றையும் சின்னக் குப்பியில் ஊற்றி, இறுக்கி மூடி, மூடியைச் சுற்றி மெழுகு நாடா ஒட்டி, தேதி எழுதி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். விலை கூடிய சாதனம் மாமி, என்றைக்காவது காய வைத்து உணக்கி எடுத்துக்கிடலாம் என்பாள். நான் கேலி செய்வேன், “பழங்கஞ்சி எடுத்து வெக்கறாப்பல வெக்கறயேடி,” என்று. பெட்டி என் மேஜைக்கடியில்தான் இருந்தது. மூன்று வருஷம் அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலையில், போகிற போக்கில், அந்தப் பழைய திரவத்தையெல்லாம் சுத்தம் செய்து அடுத்து வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. சுத்தம் செய்யும் முன் எவ்வளவு ஈரம் என்று பார்த்திருக்கிறாள். முதல் குப்பியில் இருக்க வேண்டியதைப்போல இருபது மடங்கு. இரண்டாவதில் ஐம்பது மடங்கு. பிறகு அவள் நிறுத்தவில்லை. ஒன்பது நாள் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். 2004 ஜூலைக்குப் பிந்தியவை நூற்று முப்பத்தேழு குப்பிகள். அவற்றில் முப்பத்திரண்டு மட்டும் உலர்ந்திருந்தன. அதில் பதின்மூன்று நானாகப் பாவம் பார்த்துக் கொடுத்தவை. மீதி பத்தொன்பது, நான் லீவில் இருந்து அவளே நிரப்பியவை. ஆற்றுக்கால் பொங்காலை, நோன்பு, மாமியார் ஸ்ராத்தம், நாகர்கோவிலில் ஒரு பூணூல். தேதிகளை எடுத்துக்கொண்டு அவள் நேரே அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரிடம் போனாள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்தொன்பது அளவுகளைத்தான் டாக்டர் ஸ்ரீகண்டன் இத்தனை நாளும் பிழை என்று ஒதுக்கி வைத்திருந்தார். ஜெஸ்லினுக்குக் கைப்பழக்கம் போதாது என்று.

ஆகஸ்ட் ஆறாம் தேதி, மத்தியானம் சாப்பாட்டு நேரம். நான் டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தேன். அவள் ரிஜிஸ்டரோடு வந்து எதிரே நின்றாள்.

“மாமி, நீங்க லீவு போட்ட நாளுள்ள குப்பியெல்லாம் உணங்கி இருக்கு.”

“அப்படியா?” என்றேன். அடுக்கைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினேன். அன்று எரிசேரி.

“எதுக்கு மாமி?”

நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். மறதி, வயசு, கண் மங்கல், எது சொன்னாலும் அவள் நம்பியிருப்பாள், நம்ப வேண்டும் என்றுதான் அவள் முகம் கெஞ்சியது. ஆனால் அந்தப் பெண்ணிடம் என்னால் பொய் சொல்ல முடியாது. “நீ போயிடுவியேடி கொழந்தே,” என்றேன்.

அவள் எரிசேரி அடுக்கை என் பக்கமே திரும்ப நகர்த்தினாள். பிறகு, “போனா திரும்ப வருவியான்னு ஒருக்கா கேட்டிருக்கலாமே மாமி. நீங்க கேக்கவே இல்லியே,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. தோல் உரிந்த விரலால் ரிஜிஸ்டரை மூடினாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அந்த அடுக்கை அன்று சாயந்திரம் அப்படியே கொட்டினேன்.

அடுத்து நடந்ததை நீங்கள் ஃபைலில் படித்திருப்பீர்கள். அவள் கெட்டிக்காரி. ஒவ்வொரு குப்பியிலும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று இப்போது தெரியும், ஒவ்வொன்றும் சூட்டை எவ்வளவு கடத்தியது என்பதும் நோட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டாள். ஈரம் ஏற ஏற இந்த உப்பு சூட்டைக் கடத்துவது எப்படி மாறுகிறது என்று நூற்று முப்பத்தேழு புள்ளிகள், ஒன்றுகூடத் தப்பாமல் கோட்டில் உட்கார்ந்தன. இவ்வளவு நுணுக்கமாக யாரும் அளந்ததில்லை என்று டாக்டர் ஸ்ரீகண்டன் துள்ளிக் குதித்தார். ஆறு வாரத்தில் தீசிஸ் எழுதிக் கொடுத்துவிட்டாள். வேண்டுமென்றே உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தால்கூட இத்தனை விதமான ஈரத்தை ஒருவரால் கலந்து கொடுத்திருக்க முடியாது. அந்தக் கோட்டை நான் பார்த்தேன். நான் திறந்து வைத்த ஒவ்வொரு நிமிஷமும் அதில் இருக்கிறது. ஆகவே கெடுதல் என்று ஒன்று நடந்ததா என்றே எனக்குச் சந்தேகம். நீங்கள் தண்டனை என்று எழுதினால் ஏற்றுக்கொள்கிறேன். இந்தத் தீசிஸின் கடைசிப் பக்கத்தில் மட்டும் எனக்கு நன்றி இல்லை. அதையும் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

இதுவரை எழுதியது ஒன்பது தாள். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் குண்டூசி குத்திவிட்டேன்.

இந்தப் பத்தாவது தாளைக் குத்தவில்லை. கொடுப்பதா என்று நாளைக்கு யோசித்துக்கொள்கிறேன்.

நேற்று டாக்டர் ஸ்ரீகண்டன் உங்கள் முன்னால் உட்கார்ந்து புலம்பியதைக் கேட்டேன். எல்லாம் முடிந்தும் ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய அசல் நியமனக் கடிதம் வரவில்லையாம். முத்திரை குத்திய அந்தக் காகிதம் இல்லாமல் விசா கிடையாதாம். இரண்டாம் முறை அனுப்பச் சொல்லியும் வந்துசேரவில்லையாம். இன்றைக்கு அக்டோபர் நாலு, இந்த வாரத்துக்குள் கையில் கிடைத்தால்தான் உண்டு. ஜெர்மனிக்காரர்கள் இந்தியத் தபாலைச் சந்தேகப்படுகிறார்கள், நம்மவர்கள் ஜெர்மன் தபாலைச் சந்தேகப்படுகிறார்கள். நீங்கள்கூடத் தலையை ஆட்டி, வெளிநாட்டுத் தபாலே இப்படித்தான் என்றீர்கள்.

தபால் பிரிவு வேலையை நான் குறையில்லாமல் செய்கிறேன். உறைகளை வகை பிரித்து, யாருக்கு எது என்று பார்த்து, அந்தந்தத் தட்டில் வைக்க வேண்டும். செப்டம்பர் பதினொன்றில் ஒன்று, இருபத்தாறில் ஒன்று, நல்ல கனத்த வெள்ளை உறைகள், நீலக் கழுகு போட்ட முத்திரை. இந்த ஊர் ஈரத்தில் காகிதம் என்ன கதியாகும் என்று உங்களுக்குச் சொன்னேன். அதனால் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆரியசாலைப் பச்சரிசி டப்பாவுக்குள், நன்றாக அடியில், அரிசி மூடும்படி வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. ஒரு மடிப்புக்கூட விழவில்லை.

ஜெஸ்லின் தினமும் பதினொரு மணிக்குத் தபால் பிரிவு வாசலுக்கு வருகிறாள். உள்ளே நான் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விடுகிறாள். உள்ளே வந்து, மாமி என்று கூப்பிட்டு, வாயைத் திறந்து கேட்கட்டுமே. கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று நான் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா?